முதுகு காட்டி ஜெயிக்கும் விளையாட்டு!

குட்டி நண்பர்களே, முதலில் ஒரு விடுகதை. பதில் தெரிகிறதா பாருங்கள்.

'உட்கார்ந்துகொண்டே ஓடுவார்கள். போகும் திசையைப் பார்க்க மாட்டார்கள். முந்துகிறவனுக்குப் பின்தங்கியவன் தெரிவான். பின்தங்கியவனுக்கு முந்துகிறவன் தெரிய மாட்டான். அது என்ன?'

யோசித்தீர்களா? போர்க்களத்தில் புறமுதுகு காட்டுவது வீரனுக்கு அவமானம் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆனால், எல்லைக் கோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே ஜெயிக்கிற விளையாட்டு ஒன்று இருக்கிறது. அதுதான் துடுப்புப் படகுப் போட்டி!

இந்த விளையாட்டை இங்கிலாந்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் 200 ஆண்டுகளுக்கும் மேலாக விளையாடி வருகிறார்கள். நம் பள்ளியில் கபடிக் குழு, கிரிக்கெட் குழு இருப்பதுபோல, அங்கே ஆற்றங்கரைப் பள்ளிகள் பலவற்றில் படகுக் குழு உண்டு. தேம்ஸ் நதிக்கரையில் இருக்கும் இரண்டு பள்ளிகளின் படகுக் கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். ஒன்று, அரசர் கட்டிய பள்ளி. இன்னொன்று, சாதாரண வீட்டுப் பிள்ளைகள் படித்த பள்ளி. இந்த இரண்டிலும் படித்த இருவர் பிற்பாடு ஒரே படகில் உட்கார்ந்தார்கள். அப்புறம் என்ன நடந்தது தெரியுமா? வாருங்கள், ஆற்றில் இறங்கலாம்!

ஏன் பின்னால் பார்க்க வேண்டும்?

ஒகேனக்கல்லில் பரிசலில் போயிருக்கிறீர்களா? பரிசல் ஓட்டுகிற அண்ணன் போகும் திசையைப் பார்த்துத்தான் துடுப்பு போடுவார். பந்தயப் படகில் அப்படி இல்லை. இங்கே துடுப்பு படகின் ஓரத்தில் ஒரு கொண்டியில் மாட்டப்பட்டிருக்கும். வீரர் படகின் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, துடுப்பின் கைப்பிடியைத் தன் நெஞ்சை நோக்கி வலிப்பார். வலிப்பது என்றால் இழுப்பது. அவர் இழுக்க இழுக்க, படகு அவருடைய முதுகுப் பக்கமாகப் பாயும்.

'கை வலிக்காதா?' என்று கேட்பீர்கள். வலிக்கும்தான்! ஆனால், இந்த விளையாட்டில் கையைவிடக் காலுக்குத்தான் அதிக வேலை. வீரர் உட்காரும் இருக்கைக்கு அடியில் சின்னச் சக்கரங்கள் உண்டு. அது முன்னும் பின்னும் நகரும். முழங்காலை மடக்கி, பிறகு காலால் பலகையை ஓங்கி உதைத்து, அந்த விசையோடு துடுப்பை இழுக்க வேண்டும். தவளை தாவுவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? ஏறக்குறைய அதே வித்தைதான்.

எட்டுப் பேர் வலிக்கும் பெரிய படகில் ஒன்பதாவதாக ஒருவர் இருப்பார். அவர் துடுப்பைத் தொட மாட்டார். அவருக்குப் பெயர் காக்ஸ். சுக்கானைப் பிடித்துப் படகைத் திருப்புவது, 'இன்னும் வேகமா!' என்று குரல் கொடுப்பது, எதிரணி எங்கே வருகிறது என்று பார்த்துச் சொல்வது எல்லாம் அவர் வேலை. எடை கூடினால் படகின் வேகம் குறையும் என்பதால், ஒல்லியான, குள்ளமான பிள்ளைகளைத்தான் இதற்குத் தேடிப் பிடிப்பார்கள். வகுப்பில் முதல் பெஞ்சில் உட்காரும் குட்டிப் பையன்தான் இங்கே எட்டு தடியர்களை மிரட்டும் தளபதி!

எட்டுத் துடுப்பும் ஒரே நொடியில் தண்ணீரில் இறங்கி, ஒரே நொடியில் வெளியே வர வேண்டும். ஒருவர் கொஞ்சம் பிசகினாலும், அவருடைய துடுப்பு தண்ணீருக்குள் சிக்கிக்கொள்ளும். கைப்பிடி திரும்பி வந்து வயிற்றில் குத்தும். சில சமயம் ஆளையே ஆற்றில் தூக்கி எறிந்துவிடும்! இதற்குப் படகு வீரர்கள் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? 'நண்டு பிடிப்பது'. நண்டு வந்து துடுப்பைப் பிடித்து இழுத்ததுபோல இருக்குமாம்!

வாத்தியார் வர்றார், ஒளிஞ்சுக்கோ!

இங்கிலாந்து அரசர் ஆறாம் ஹென்றி 1440-ம் ஆண்டில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதுதான் ஈட்டன். 70 ஏழைப் பிள்ளைகள் இலவசமாகப் படிப்பதற்காகத் தொடங்கப்பட்ட பள்ளி அது. பிற்பாடு பிரபுக்கள் வீட்டுப் பிள்ளைகளும் சேர, உலகிலேயே புகழ்பெற்ற, கட்டணம் மிகுந்த பள்ளிகளில் ஒன்றாகிவிட்டது. அங்கே மாணவர்கள் மட்டும்தான், மாணவிகள் கிடையாது. பள்ளிக்குப் பக்கத்தில் தேம்ஸ் நதி. அக்கரையில் அரசர் வாழும் வின்ட்சர் கோட்டை.

ஆறு பக்கத்தில் ஓடினால் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? படகை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ஆனால், பள்ளி அதற்கு அனுமதி தரவில்லை. ஆற்றுக்குப் போவதே விதிப்படி தப்பு. அதனால் ஒரு வேடிக்கையான வழக்கம் உருவானது. ஆற்றுக்குப் போகும் வழியில் ஆசிரியர் யாராவது எதிரே வந்தால், மாணவன் ஓடி ஒளிந்துகொள்ள வேண்டும். ஒளிந்ததாகப் பாவனை செய்தாலே போதும்! ஆசிரியரும் பார்க்காத மாதிரியே போய்விடுவார். எல்லோருக்கும் தெரிந்த ரகசியமாகப் படகு ஓடிக்கொண்டிருந்தது.

1829-ல் ஈட்டன் மாணவர்களுக்கும் லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளி மாணவர்களுக்கும் தேம்ஸ் நதியில் படகுப் போட்டி நடந்தது. ஈட்டன் ஜெயித்தது. பள்ளிகளுக்கு இடையே நடந்த மிகப் பழைய படகுப் போட்டிகளில் இது ஒன்று.

இப்படி விளையாட்டாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சோகம் நடந்தது.

1840-ம் ஆண்டு, படகில் போன ஈட்டன் மாணவன் ஒருவன் ஆற்றில் மூழ்கி இறந்துபோனான். பார்க்காத மாதிரி போன பெரியவர்கள் எல்லோரையும் அந்தச் சாவு உலுக்கியது. 'பிள்ளைகளை ஆற்றுக்குப் போகாதே என்று தடுக்க முடியவில்லை. தடுக்க முடியாததைப் பார்க்காத மாதிரி இருப்பது அதைவிட ஆபத்து' என்று புரிந்தது. தடையை நீக்கினார்கள். கூடவே ஒரு கண்டிப்பான விதியும் வந்தது. நீச்சல் தேர்வில் தேறினால்தான் படகில் ஏறலாம்! நீச்சல் சொல்லித்தர ஆள் போட்டார்கள். எவ்வளவு பெரிய பிரபு வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும், நீந்திக் காட்டினால்தான் துடுப்பு கையில் கிடைக்கும்.

குட்டீஸ், ஈட்டன் படகுக் குழு ஜெயித்த கோப்பைகள் ஏராளம். ஆனால், அந்தக் கோப்பைகளைவிடப் பெரியது இந்த விதி. அன்று முதல் எத்தனை பிள்ளைகள் கரையேறி வீட்டுக்குப் போயிருப்பார்கள்!

ஒரு நீல ரிப்பன் செய்த வேலை

ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களுக்கு இடையே நடக்கும் படகுப் போட்டி உலகப் புகழ்பெற்றது. 1829-ல் தொடங்கியது. இரண்டாவது போட்டி 1836-ல் நடந்தது. ஆக்ஸ்போர்டு படகு கருநீல அடையாளத்தோடு தயாராக நின்றது. கேம்பிரிட்ஜ் படகுக்கோ அடையாளமாக எந்த நிறமும் இல்லை. போட்டி தொடங்கப் போகிற நேரம்!

கேம்பிரிட்ஜ் நண்பர் ஒருவர் பக்கத்துக் கடைக்கு ஓடினார். ஈட்டன் பள்ளியின் நிறமான வெளிர் நீலத்தில் ஒரு ரிப்பன் வாங்கி வந்தார். அதைப் படகின் மூக்கில் கட்டினார்கள். கேம்பிரிட்ஜ் ஜெயித்துவிட்டது! 'ராசியான ரிப்பன்' என்று அன்றிலிருந்து வெளிர் நீலத்தையே தங்கள் நிறமாக வைத்துக்கொண்டார்கள். இன்று கேம்பிரிட்ஜ் விளையாட்டு வீரர்கள் அணியும் சட்டையின் நிறம், ஒரு பள்ளிக்கூடத்துப் பையன்களிடம் இரவல் வாங்கியது!

தொப்பியில் பூ, ஆற்றில் பூ

ஈட்டனில் ஆண்டுதோறும் ஒரு படகுத் திருவிழா நடக்கும். அதற்குப் பெயர் 'ஜூன் நான்கு'. மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பிறந்தநாள் ஜூன் 4. வின்ட்சர் கோட்டையில் இருந்த அவருக்கு ஈட்டன் பிள்ளைகள்மீது கொள்ளைப் பிரியம். அந்த நினைவாகத்தான் விழா. இதில் இன்னொரு வேடிக்கை, இப்போது இந்த விழா பெரும்பாலும் ஜூன் 4-ம் தேதி நடப்பதில்லை! பெயர் மட்டும் மாறவில்லை.

அன்று மாணவர்கள் பழைய காலத்துக் கப்பற்படை வீரர்களைப்போல உடை அணிவார்கள். வைக்கோல் தொப்பி நிறையப் பூக்கள். காக்ஸ் பையனுக்கு மட்டும் கடற்படைத் தளபதி உடை! படகுகளுக்கும் கம்பீரமான பெயர்கள் உண்டு. 'மோனார்க்', 'விக்டரி', 'பிரிட்டானியா' என்று அழைப்பார்கள். மோனார்க் என்றால் பேரரசர். அதில் எட்டுத் துடுப்பு அல்ல, பத்துத் துடுப்பு!

ஊர்வலமாக வரும் படகுகள் கூட்டத்தின் எதிரே வந்ததும், ஆடுகிற படகில் வீரர்கள் ஒவ்வொருவராக எழுந்து நிற்பார்கள். துடுப்பை நேராகத் தூக்கிப் பிடிப்பார்கள். பிறகு தொப்பியைக் கழற்றி உதறுவார்கள். பூக்கள் ஆற்றில் கொட்டும். ஒல்லியான பந்தயப் படகில் உட்காருவதே கஷ்டம். எல்லோரும் எழுந்து நிற்பது என்றால்? ஒருவர் தடுமாறினால் போதும்... தொப்பி, பூ, தளபதி எல்லாம் தண்ணீருக்குள்!

பயிற்சி தந்த ஆசிரியர்

பொழுதுபோக்காக இருந்ததைப் பெரிய விளையாட்டாக மாற்றியவர் எட்மண்ட் வார் என்ற ஆசிரியர். ஈட்டனில் படித்தவர், ஆக்ஸ்போர்டில் படகுப் போட்டியிலும் கலக்கியவர், படிப்பிலும் கலக்கியவர். 1860-ல் தான் படித்த பள்ளிக்கே ஆசிரியராகத் திரும்பினார். மாலையில் மாணவர்களை ஆற்றுக்கு அழைத்துப் போய் முறையாகப் பயிற்சி கொடுத்தார்.

தேம்ஸ் நதிக்கரையில் ஹென்லி என்று ஓர் ஊர். 1839 முதல் அங்கே படகுப் போட்டித் திருவிழா நடக்கிறது. அதில் 'சீமாட்டிகள் கேடயம்' என்ற பரிசுக்கு ஈட்டன் மாணவர்கள் மோதினார்கள். எதிரே இருந்தவர்கள் கல்லூரி அண்ணன்கள்! 1864-ல் ஈட்டன் பிள்ளைகள் அதை முதன்முறையாக ஜெயித்தார்கள். அப்புறம் திரும்பத் திரும்ப ஜெயித்தார்கள். வார் 1884-ல் அதே பள்ளிக்குத் தலைமை ஆசிரியரானார்.

சீமாட்டிகள் என்ற பெயர் இருந்தாலும் அந்தப் போட்டியில் கலந்துகொண்டவர்கள் ஆண்கள்தான். பள்ளி மாணவிகள் எட்டுப் பேர் படகில் மோதுவதற்கென்று ஹென்லியில் ஒரு பரிசு வர 2021-ம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. நல்லது நடக்க இவ்வளவு காலமா என்று தோன்றுகிறது இல்லையா? எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

பெரிய கை, பெரிய கால்

ஈட்டனிலிருந்து தேம்ஸ் நதியை எதிர்த்து மேலே போனால் மார்லோ என்ற அழகான சிற்றூர் வரும். அங்கே கிரேட் மார்லோ என்று ஒரு பள்ளி. அரசர் கட்டியதல்ல. கட்டணம் இல்லாத, ஊர்ப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி.

அங்கே 1970-களில் ஒரு மாணவன் இருந்தான். அவன் பெயர் ஸ்டீவ் ரெட்கிரேவ். அப்பாவுக்குக் கட்டட வேலை. ஸ்டீவுக்குப் படிப்பு என்றாலே பயம். எழுத்துகள் கண்ணுக்கு முன்னால் குழம்பும். அவனுக்கு 'டிஸ்லெக்சியா' என்ற வாசிப்புச் சிக்கல் இருந்தது. இது சோம்பேறித்தனம் அல்ல, முட்டாள்தனமும் அல்ல. 'தாரே ஜமீன் பர்' என்ற இந்திப் படத்தில் வரும் சிறுவனுக்கும் இதே சிக்கல்தான்.

அந்தப் பள்ளியில் ஆங்கிலம் நடத்திய ஆசிரியர் பிரான்சிஸ் ஸ்மித். அவருக்குப் படகு என்றால் உயிர். மாணவர்களைச் சேர்த்துச் சின்னதாக ஒரு படகுக் குழுவை நடத்தி வந்தார். 1976-ல் ஒருநாள், 14 வயது ஸ்டீவிடம் வந்து, "படகு வலிக்க வருகிறாயா?" என்று கேட்டார். ஏன் இவனைக் கேட்டார்? அவனுடைய பெரிய கைகளையும் பெரிய பாதங்களையும் பார்த்துத்தான் கேட்டார் என்று சொல்வார்கள். இவ்வளவு பெரிய கையும் காலும் இருந்தால், பையன் நன்றாக வளருவான் என்று கணக்குப் போட்டாராம்!

ஸ்டீவுக்கோ, வகுப்பறையை விட்டு ஆற்றுக்குப் போகலாம் என்பதே பெரிய பரிசு. உடனே தலையாட்டிவிட்டான்.

யோசித்துப் பாருங்கள். ஆங்கிலப் பாடத்தில் தடுமாறும் மாணவனைப் பார்த்து, ஓர் ஆங்கில ஆசிரியர் 'உனக்கு எழுத வராது' என்று ஒதுக்கிவிடவில்லை. அவனுக்கு என்ன வரும் என்று தேடினார்! 16 வயதில் ஸ்டீவ் பள்ளியை விட்டு வெளியே வந்தபோது, கையில் பெரிய மதிப்பெண் பட்டியல் இல்லை. ஆனால், ஒரு துடுப்பு இருந்தது.

1980-ல் ஜூனியர் உலகப் போட்டியில் அவருக்கு வெள்ளிப் பதக்கம். 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம். 1988-ல் சியோல் ஒலிம்பிக்கில் இன்னொரு தங்கம்.

இரண்டு பள்ளி, ஒரே படகு

இப்போது ஈட்டனுக்குத் திரும்புவோம். அங்கே மேத்யூ பின்சென்ட் என்ற மாணவர் இருந்தார். பாதிரியாரின் மகன். ஈட்டன் படகுக் குழுவில் வளர்ந்தவர். 1988-ல் ஜூனியர் உலக சாம்பியன் ஆனார். பிறகு ஆக்ஸ்போர்டில் சேர்ந்தார்.

1990-ல் ரெட்கிரேவுக்கு ஒரு புதுக் கூட்டாளி தேவைப்பட்டார். தேர்ந்தெடுக்கப்பட்டவர் பின்சென்ட். ஒருவருக்கு 28 வயது, இன்னொருவருக்கு 19 வயது. ஒருவர் 16 வயதில் படிப்பை நிறுத்தியவர். இன்னொருவர் ஈட்டனில் படித்து ஆக்ஸ்போர்டு போனவர். பேச்சு, பழக்கம், வீடு எல்லாம் வேறு வேறு. ஆனால், படகு இதையெல்லாம் கேட்காது. அதற்குத் தெரிந்தது ஒன்றுதான். இரண்டு துடுப்பும் ஒன்றாக இறங்குகிறதா, இல்லையா?

இருவர் படகில் ஆளுக்கு ஒரு துடுப்பு மட்டுமே. ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம். இதில் ஒருவர் மட்டும் 'நான்தான் பலசாலி' என்று அதிகமாக இழுத்தால் என்ன ஆகும்? படகு வேகமாகப் போகாது. பக்கவாட்டில் திரும்பிவிடும்! கூட்டாளியின் மூச்சு கேட்டு, அவர் அளவுக்கு நம் இழுப்பைச் சேர்க்க வேண்டும். காக்ஸும் கிடையாது.

1992-ல் பார்சிலோனா ஒலிம்பிக்குக்குச் சில மாதங்கள் இருக்கும்போது, ரெட்கிரேவுக்குக் குடலில் கடுமையான நோய் வந்தது. மருந்து சாப்பிட்டுத் தேறி வந்தார். இருவரும் தங்கம் வென்றார்கள். 1996-ல் அட்லாண்டாவில் மறுபடியும் தங்கம். அந்த ஒலிம்பிக்கில் இங்கிலாந்து அடங்கிய பிரிட்டன் நாட்டுக்குக் கிடைத்தது மொத்தமே ஒரு தங்கம்தான். அது இவர்களுடையது!

களைத்துப்போன ரெட்கிரேவ், 'இனி என்னைப் படகு பக்கத்தில் யாராவது பார்த்தால் சுட்டுவிடலாம்' என்று டி.வி.யில் சொல்லிவிட்டார். யாரும் சுடவில்லை. சில மாதங்களில் அவரே படகுக்குத் திரும்பிவிட்டார்!

ஆனால், 1997-ல் அடுத்த இடி. அவருக்குச் சர்க்கரை நோய் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். ஒரு நாளில் பல முறை ரத்தத்தைச் சோதிக்க வேண்டும். இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். படகு வலிக்கிறவருக்கு ஏராளமாகச் சாப்பாடு வேண்டும். சர்க்கரை நோயாளிக்கோ சாப்பாட்டில் கட்டுப்பாடு வேண்டும். இரண்டையும் எப்படிச் சமாளிப்பது? மருத்துவர்களோடு சேர்ந்து கணக்குப் போட்டு, ஊசியையும் உணவையும் பயிற்சிக்கு ஏற்றபடி அமைத்துக்கொண்டார்.

0.38 விநாடி!

2000-ம் ஆண்டு செப்டம்பர் 23. சிட்னி ஒலிம்பிக். இந்த முறை நான்கு பேர் படகு. ஜேம்ஸ் கிராக்னெல், ரெட்கிரேவ், டிம் பாஸ்டர், பின்சென்ட் என்று வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ரெட்கிரேவுக்கு 38 வயது. மொத்தம் 2,000 மீட்டர். பிரிட்டன் படகு முன்னால் போனது. கடைசி மீட்டர்களில் இத்தாலி படகு நெருங்கி, நெருங்கி, இன்னும் நெருங்கி வந்தது. கண் இமைப்பதற்குள் முடிந்துபோனது.

பிரிட்டன் ஜெயித்தது. வித்தியாசம் 0.38 விநாடி!

ஐந்து ஒலிம்பிக்கில் தொடர்ந்து ஐந்து தங்கம் வென்றவர் ஆனார் ரெட்கிரேவ். எல்லைக் கோட்டைத் தாண்டியதும் பின்சென்ட் என்ன செய்தார் தெரியுமா? நடுவில் இருந்த டிம் பாஸ்டர்மீது ஏறித் தாண்டிப் போய் ரெட்கிரேவைக் கட்டிப் பிடித்தார். அப்படியே தண்ணீரில் விழுந்தார்! ஈட்டன் பையன் ஜூன் நான்கு விழாவில் விழாமல் தப்பித்திருந்தாலும், சிட்னியில் மாட்டிக்கொண்டார்.

2004-ல் ஏதென்ஸ் ஒலிம்பிக். ரெட்கிரேவ் ஓய்வு பெற்றுவிட்டார். பின்சென்ட் வேறு மூவரோடு களம் இறங்கினார். அவர்களில் எட் கூடும் ஈட்டனில் படித்தவர்தான். கனடாவை அவர்கள் வென்ற வித்தியாசம் 0.08 விநாடி! பரிசு மேடையில் அந்த மலை போன்ற மனிதர் தேம்பித் தேம்பி அழுதார். பின்சென்ட்டுக்கு அது நான்காவது தங்கம். இருவருக்கும் 'சர்' பட்டம் கிடைத்தது. மார்லோவில் ஆற்றங்கரைப் பூங்காவில் இன்று ரெட்கிரேவுக்குச் சிலை இருக்கிறது.

பள்ளி வெட்டிய ஏரி

தேம்ஸ் நதியில் வளைவுகள் அதிகம். வெள்ளம் வந்தால் பயிற்சி நின்றுபோகும். மற்ற படகுகளின் போக்குவரத்தும் உண்டு. அதனால் ஈட்டன் பள்ளி, பக்கத்தில் டார்னி என்ற இடத்தில் ஓர் ஏரியையே வெட்டியது! நேராக 2,000 மீட்டர் நீளம், எட்டுத் தடங்கள். பத்து ஆண்டுகள் வேலை நடந்து, 2006-ல் முடிந்தது.

2012 லண்டன் ஒலிம்பிக்கின் படகுப் போட்டிகள் அந்தப் பள்ளி ஏரியில்தான் நடந்தன. பிரிட்டனுக்கு 4 தங்கம், 2 வெள்ளி, 3 வெண்கலம் கிடைத்தன. அதே ஏரியில் நம் நாட்டு வீரர் ஸ்வரன் சிங்கும் ஒற்றை ஆள் படகில் போட்டியிட்டார். பதக்கம் கிடைக்கவில்லை. ஆனால், அவர் துடுப்பைக் கீழே போட்டுவிடவில்லை. 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில் நான்கு பேர் படகில் இந்தியா தங்கம் வென்றதே, அந்த நால்வரில் அவரும் ஒருவர்!

நம்ம சென்னையிலும் உண்டு!

ஆங்கிலேயர்கள் போன இடமெல்லாம் இந்த விளையாட்டையும் கொண்டுபோனார்கள். 1867-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் போட் கிளப் இன்றும் சென்னையில் அடையாற்றங்கரையில் இருக்கிறது. ஒல்லியான பந்தயப் படகுகள் அடையாற்றில் சர்ரென்று போவதைப் பார்த்தால், இந்தக் கதை உங்களுக்கு நினைவு வரட்டும்.

என்ன குட்டீஸ், விடுகதைக்கு விடை புரிந்துவிட்டதா? படகில் உட்கார்ந்தவருக்குப் போகிற இடம் தெரியாது. எதிரே இருப்பவரின் முதுகும் துடுப்பும் மட்டும்தான் தெரியும். அவரை நம்பி, அவரோடு சேர்ந்து இழுத்தால் கரை தானாக வந்து சேரும். உங்கள் வகுப்பிலும் பாடம் வராமல் தடுமாறுகிற ஒரு ஸ்டீவ் இருக்கலாம். அவனுக்கு வேறு என்ன வரும் என்று தேடிப் பாருங்கள். அந்த ஸ்டீவ் நீங்களாகவே இருந்தால், சோர்ந்துபோகாதீர்கள்.

அப்புறம், 1840-ல் கரையேறாமல் போன அந்த ஈட்டன் அண்ணனையும் மறந்துவிடாதீர்கள். இந்தக் கோடை விடுமுறையில் நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள். பெரியவர்கள் துணையோடுதான், சரியா?